அறுபத்து நான்கு அடி

எங்கள் ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீக்கில் எட்டு ஊர்கள். எட்டிலும் ஐஸ் ஒன்றுபோல் இருக்காது. ஓர் ஊரில் மூலைகளில் பள்ளம் விழுந்திருக்கும். பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு அங்கே போனால் தன் இஷ்டத்துக்குத் துள்ளும். இன்னோர் ஊரில் ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதிக்குள் ஐஸ் ஈரம் பட்ட சர்க்கரை மாதிரி ஆகிவிடும். எங்கள் ரோஸ்டாலுக்கு வரும் அணிக்காரர்கள் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "இன்னைக்குத் தோத்தா ஐஸ் மேல பழி போட முடியாதுடா" என்று சொல்லிக்கொண்டு இறங்குவார்கள்.

அந்த ஐஸைப் போடுகிறவர் ஆர்லீன் ப்ரோசிக். வயது ஐம்பத்தேழு. காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுவார். நடுவில் இருக்கும் ஆறு மணி நேரம் அரங்கில்.

இந்த வேலை அவருக்கு வந்தது தற்செயலாக. பதினான்கு வருடங்களுக்கு முன், ஐஸ் போட்டுக்கொண்டிருந்தவர் மேற்குக் கடற்கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அரங்குக் குழுத் தலைவர் டேரில் ஹோர்டிக் கூட்டம் போட்டு, யார் வருகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் தங்கள் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். "என் பஸ் எப்படியும் அரங்குக்குப் பின்னாலதானே நிக்குது" என்று ஆர்லீன் கையைத் தூக்கினார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

முதல் வருடம் அவர் ஒரே மூச்சில் நிறைய நீரை ஊற்றிவிட்டார். ஐஸ் பால் நிறத்தில் உறைந்தது. உள்ளே காற்றுக் குமிழ்கள். இரண்டாவது ஆட்டத்தின் நடுவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. நடுவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஆட்டத்தை நிறுத்தினார்.

மறுநாள் ஆர்லீன் இருநூறு கிலோமீட்டர் சுற்றளவில் இருந்த எல்லா அரங்குகளுக்கும் ஃபோன் போட்டார். ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி: நீங்கள் ஐஸ் எப்படிப் போடுகிறீர்கள்? ஐஸ் போடுகிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு: அணிகள் எவ்வளவு அடித்துக்கொண்டாலும், கேட்டால் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கெர்வுட்டில் ஐஸ் போடும் லெஸ் டிட்மர் மட்டும், "ஆள் இல்லைன்னா அரங்கைக் கோழிப்பண்ணையா மாத்திடுங்கம்மா" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். நீரைச் சுடவைக்க வேண்டும், காகிதக் கனத்துக்குத் தெளிக்க வேண்டும், ஒன்று உறைந்த பிறகே அடுத்தது, நாற்பது தடவைக்குக் குறையக் கூடாது. ஆர்லீன் அவ்வளவையும் பஸ் அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த வருடம் ஐம்பது தடவை தெளித்தார்.

அதன் பிறகு எல்லாவற்றையும் நோட்டில் எழுதத் தொடங்கினார். வெளிக் குளிர், தரையின் குளிர், நீரின் சூடு, இருபது இடங்களில் துளை போட்டுப் பார்த்த ஐஸின் கனம். கோடு போடும் நாளுக்குத் தனிப் பக்கம். அதில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு "மறு அளவு". அளந்ததை எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு முறை அளந்தபின் அங்கே ஒரு டிக் போடுவார்.

கோடு போடுவது எங்கள் ஊரில் அக்டோபரின் முதல் சனிக்கிழமை. வெள்ளைச் சாயம் தெளித்து உறைந்திருக்கும் மெல்லிய ஐஸின் மேல், நனைத்த கம்பளி நூலை இழுத்துக் கட்டுவார்கள். நூல் அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு நூல்களுக்கு நடுவில் தூரிகையால் சாயம் பூசுவது. பிறகு அதன் மேல் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஐஸ் ஏறும். போட்ட கோடு போட்டதுதான். ஏப்ரலில் உருகும்வரை அசையாது. அந்த வருடத்து அணித்தலைவன்தான் அளவு நாடாவின் நுனியைப் பிடிக்க வேண்டும். அது எப்போது வந்த வழக்கமோ, ஒரு தலைவனும் அதை விட்டுக்கொடுத்ததில்லை.

நாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆர்லீனுடையது நல்ல எஃகு நாடா. இரண்டு வருடங்களுக்கு முன், ஐஸைச் சீவிச் சமன்செய்யும் ஐஸ் வண்டியின் சக்கரம் ஏறி, அதன் முதல் அடி ஒடிந்து போய்விட்டது. டேரில், "புதுசு வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு? ஒரு அடிதானே இல்ல. மிச்சம் தொண்ணுத்தொம்பது நல்லாத்தானே இருக்கு" என்றார் ஆர்லீன்.

அன்றிலிருந்து நுனியை ஒன்றாம் எண்ணில் பிடிக்கச் சொல்வார். முடிவில் ஓர் அடி கூட்டிப் படிப்பார். கோல் கோட்டிலிருந்து, ஓர் அணி காக்கும் பகுதிக்கு எல்லையான நீலக்கோட்டுக்கு அறுபத்து நான்கு அடி. அவர் நாடாவில் அது அறுபத்தைந்து.

சென்ற ஆண்டு அக்டோபரில் நாடாவைப் பிடித்தவன் ரீஸ் கோவலுக். தடுப்பாட்டக்காரன், இருபது வயது, ஜூனியரில் அவனுக்கு அதுதான் கடைசி வருடம். வடக்கு முனையின் நீலக்கோடு சரியாக விழுந்தது. தெற்கு முனைக்கு வந்தபோது ஆர்லீனின் ஃபோன் அடித்தது. பக்கத்து ஊரில் வாலிபால் ஆட்டம். பெண்களை அழைத்துப்போக வேண்டிய ஓட்டுநருக்குக் காய்ச்சல். ஒரு மணிக்குள் பஸ்ஸை எடுக்க முடியுமா என்று பள்ளியிலிருந்து கேட்டார்கள். மணி பன்னிரண்டு நாற்பது.

"ஒண்ணுல புடி ரீஸ்!"

"புடிச்சாச்சு!"

ஆர்லீன் அறுபத்து நான்கில் குறி வைத்தார். நூல் கட்டினார்கள், சாயம் பூசினார்கள். இரு நீலக்கோடுகளுக்கும் நடுவில் ஐம்பது அடி இருக்கிறதா என்று அளப்பதுதான் மறு அளவு. அதைச் செய்யாமல் அவர் பஸ் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். தெற்கு நீலக்கோடு கோலை நோக்கி ஓரடி தள்ளி விழுந்திருந்தது. இருநூறு அடி நீள ஐஸில் ஓரடியைக் கண் பிடிக்காது. நடுவர்கள் பிடிக்கவில்லை, நாங்களும் பிடிக்கவில்லை.

பிடித்தது ரீஸின் கால். ஆனால் தான் பிடித்தது எது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நல்ல தடுப்பாட்டக்காரன் பின்னோக்கிச் சறுக்கும்போது திரும்பிப் பார்க்க மாட்டான். நீலக்கோட்டைத் தாண்டியதும் காலடியை எண்ணிக்கொள்வான்; இத்தனை எண்ணினால் நம் கோல்கீப்பர் இங்கே இருப்பான் என்று உடம்புக்குத் தெரியும். நவம்பரிலிருந்து ரீஸ் பின்னால் வந்து வந்து எங்கள் கோல்கீப்பரின் மேல் மோதிக்கொண்டிருந்தான். கோல்கீப்பர் ஜேலன் பெல்கார்டு. வடக்கே க்ரீ பழங்குடி மக்களின் குடியிருப்பிலிருந்து தினமும் நாற்பது கிலோமீட்டர் வருபவன், பதினேழு வயது. அவ்வளவு வேகமான இடது கையை இந்த லீக்கில் நான் பார்த்ததில்லை. நான் இருபது வருடமாக இங்கே ஆட்டக் கடிகாரம் ஓட்டுகிறேன்.

என் மேசை ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்கு நேர் எதிரே. அவர்கள் சண்டை எனக்கு மனப்பாடம்.

"டேய், நீ கோல்கீப்பரா, தபால்காரனா? வாசல் வரைக்கும் வந்து நிக்கற!"

"நீ ரிவர்ஸ்ல வர்ற லாரிடா. பின்னாடி ஒரு மணியாவது கட்டிக்கோ."

"ஒரு அடி உள்ள நில்லுன்னா நிக்க மாட்டியா?"

"நான் நிக்கற இடத்துலதான் நிக்கறேன். என் வயித்துலதான் நீ வந்து உக்காரற."

ஊருக்கு இது வேடிக்கை. உணவுக் கடையில் நின்றபடி பெரியவர்களே யார் மேல் தப்பு என்று பந்தயம் கட்டினார்கள். ஆனால் ஜேலனுக்கு அது வேடிக்கையாக இல்லை. தலைவன் சொல்வதைக் கேட்டுப் பயிற்சியாளர் அவனை அரையடி உள்ளே நிற்கச் சொன்னார். நின்றான். உள்ளே நிற்கிற கோல்கீப்பருக்குப் பின்னால் கோல் பெரிதாகிவிடும். டிசம்பரில் அவன் தோளுக்கு மேலே ஐந்து கோல்கள் போயின. பயிற்சியாளர் இரண்டு ஆட்டங்களுக்கு அவனை உட்காரவைத்தார். அவன் அப்பா வண்டியிலிருந்து இறங்காமல் அரங்குக்கு வெளியிலேயே காத்திருந்த நாட்கள் அவை.

இருந்தும் அணி ஜெயித்தது. பதினோரு வருடங்களாக நாங்கள் முதல் நான்கு இடங்களுக்குள் வந்து இறுதிச் சுற்றுக்குப் போனதில்லை. ஜனவரி பிறந்தபோது நான்காம் இடத்துக்கு நாங்களும் கெர்வுட்டும் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தோம்.

ஜனவரி பதினெட்டாம் தேதி கெர்வுட் எங்கள் ஊருக்கு வந்தது. மூன்றாம் பகுதி, நாங்கள் காப்பது தெற்கு கோல், மூன்றுக்கு இரண்டு என்று முன்னணி, நாற்பது விநாடி மிச்சம். கெர்வுட்காரர்கள் எங்கள் பகுதிக்குள் முற்றுகை போட்டிருந்தார்கள். அவர்களுடைய தடுப்பாட்டக்காரன் நீலக்கோட்டில் வட்டை நிறுத்தி அடித்தான். வட்டு உள்ளே போனது.  ஆனால் கோட்டு நடுவர் கையை நேராக உயர்த்தியிருந்தார். அடிப்பதற்கு முன் வட்டு நீலக்கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே போய்த் திரும்பியிருந்தது. வட்டு வெளியே போனால் தாக்குகிறவர்கள் எல்லோரும் வெளியே வந்துதான் மறுபடி நுழைய வேண்டும். ஆஃப்சைடு. கோல் செல்லாது. நாங்கள் ஜெயித்தோம்.

பிப்ரவரிக் கடைசியில் லீக் ஆட்டங்கள் முடிந்தன. ரோஸ்டால் நாற்பத்தொரு புள்ளி. கெர்வுட் நாற்பது.

சனிக்கிழமை அந்தக் கடைசி ஆட்டம் முடிந்தபோது தீயணைப்பு வண்டியைச் சங்கு ஊதிக்கொண்டு ஊரைச் சுற்ற வைத்தார் டேரில். ஞாயிறு மதியம் அரங்கின் மேல்மாடிக் கூடத்தில் விருந்து. பெரோகிக் கொழுக்கட்டையும் வதக்கிய வெங்காயமும் சாசேஜும். ஆட்டக்காரர்களின் மேசையில் ஆர்லீனுக்கு இடம் போட்டிருந்தார்கள். அங்கேயும் ரீஸ் ஆரம்பித்தான்.

"வெள்ளிக்கிழமை இறுதிச் சுற்று. அன்னைக்காவது உன் இடத்துல நில்லுடா ஜேலன். முதல் பகுதில வந்து நிக்கற, மூணாவதுல வந்து நிக்கற. ரெண்டாவதுல மட்டும் மாதா கோயில் சிலை மாதிரி உள்ளேயே நிக்கற. அது எப்படி?"

"வெளியூர்ல ஏண்டா நீ மோதறதே இல்ல?" என்றான் ஜேலன். "அங்க மட்டும் உனக்கு முதுகுல கண்ணு முளைக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லீன் சிரிக்கவில்லை. அவர் முள்கரண்டியில் குத்திய கொழுக்கட்டை அப்படியே நின்றது. சொந்த ஊரில், முதல் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் நாங்கள் காப்பது தெற்கு கோல்.

"கொஞ்சம் இருங்க, வந்துடறேன்" என்று எழுந்து கீழே ஐஸுக்குப் போனார்.

நாடாவின் ஒன்றாம் எண்ணைக் கோல் கோட்டில் ஐஸ் ஊசியால் குத்தி வைத்துவிட்டு அவர் தனியாக நடந்தார். அறுபத்தைந்துக்குப் பதில் அறுபத்து நான்கு என்று காட்டியது. திரும்பிப் போய் ஊசியைப் பிடுங்கி மறுபடி குத்தினார். அறுபத்து நான்கு. இரு நீலக்கோடுகளுக்கும் நடுவே அளந்தார். ஐம்பத்தொன்று காட்ட வேண்டியது ஐம்பத்திரண்டு காட்டியது. இயந்திர அறைக்குப் போய் நோட்டை எடுத்தார். அக்டோபர்ப் பக்கத்தில் வடக்கு, தெற்கு என்று எல்லாம் எழுதியிருந்தது. மறு அளவுக் கட்டம் காலி.

அவரைத் தேடிக்கொண்டு டேரிலும், டேரில் முகத்தைப் பார்த்து நானும் கீழே வந்தோம். ஆர்லீன் நோட்டைத் திறந்தபடியே எங்களிடம் நீட்டினார். ஜனவரி பதினெட்டை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. கோடு ஓரடி வெளியே இருந்திருந்தால் அந்த வட்டு உள்ளேதான் இருந்திருக்கும். மூன்றுக்கு மூன்று.

டேரில் கதவைச் சாத்தினார். "ஆர்லீன், பதினோரு வருஷம்."

"தெரியும்."

"இன்னும் ஆறு வாரத்துல இந்த ஐஸே உருகிடும். கெர்வுட்காரன் வந்து அளந்தா பார்க்கப் போறான்? யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அங்க நிக்கறவருக்குத் தெரியும். இன்னும் ஒரு மணி நேரத்துல லெஸ்ஸுக்கும் தெரியும்."

"லெஸ்ஸுக்கா? லீக்குக்குக்கூட இல்ல, நேரா கெர்வுட்டுக்கேயா?" டேரில் தொப்பியைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டார். "மேல அந்தப் பசங்க மூஞ்சியைப் பார்த்தியா?"

"பார்த்தேன். அதான் வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி சரி பண்ணணும்."

லெஸ்ஸோடு அவர் ஃபோனில் பேசியது அரை நிமிடம். "லெஸ், உன் நாடாவை எடுத்துட்டு வா. என்னுதுல ஒரு அடி குறையுது." அந்தப் பக்கம் லெஸ் என்னவோ கேட்டார். "ஆமா, இன்னைக்கே. என் ஐஸை நானே அளந்து சொன்னா அது சாட்சி ஆகாது."

லெஸ் டிட்மர் எழுபது கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்தில் வந்தார். பெரிய உடம்பு, கெட்ட முழங்கால். ஐஸில் மண்டியிட்டு நாடாவைப் படித்தார். எழுந்து எதிர்ப்பக்கம் போய் அளந்தார். வடக்கு முனையையும் அளந்தார். அது நூல் பிடித்தாற்போல இருந்தது. பிறகு நாடாவைச் சுருட்டினார்.

"பதிமூணு வருஷமா உன் ஐஸ்ல ஒரு குறை கண்டுபிடிக்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன்" என்றார் கடைசியில். "நீயே ஃபோன் போட்டுச் சொன்னா எனக்கு அதுல என்ன சுகம்?"

"வெக்கமா இருக்கு லெஸ். நீ வேற."

"ஒருத்தருக்கும் சொல்லாம கோட்டை நகர்த்தியிருக்கலாமே?"

"நீயா இருந்தா நகர்த்தியிருப்பியா?"

லெஸ் நாடாவைப் பைக்குள் போட்டார். "லீக்குக்கு எழுதி அனுப்பணும், காகிதம் இருந்தா எடு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்" என்றார்.

ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆர்லீன் மாடிக்குப் போனார். விருந்து முடிந்து பையன்கள் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். லெஸ்ஸைப் பார்த்ததும் ஒருவன், "கெர்வுட் ஆள் கேக் கேட்டு வந்திருக்காருடா" என்றான். ஆர்லீன் மேசையின் தலைப்பக்கம் நின்று, ஃபோன் வந்தது முதல் மறு அளவு வரை எதையும் விடாமல் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கேக் தின்கிற சத்தம் முதல் நிமிடத்திலேயே நின்றுவிட்டது.

"அப்போ நாம இறுதிச் சுற்றுல இல்லையா?" என்று ஒருவன் கேட்டான்.

"தெரியல. லீக்தான் சொல்லணும்."

"இதை ஏன் இப்போ சொல்றீங்க?" என்று இன்னொருவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

ரீஸ் தலையைக் குனிந்தபடி, "நாடாவைப் புடிச்சது நான்" என்றான்.

"நீ ஒண்ணுல புடிச்ச. நான் சொன்ன இடத்துல சரியாப் புடிச்ச. தப்பாப் படிச்சது நான். இதுல உன் பேர் வராது."

 அப்போது மேசையின் அந்தக் கோடியில் ஜேலன் மெதுவாக எழுந்தான்.

"ஒரு நிமிஷம். அப்போ நான் முன்னாடி வந்து நிக்கல?"

"இல்ல."

"நவம்பர்லேருந்து?"

"இல்ல. நீ சரியான இடத்துலதான் நின்ன."

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்றீங்களா? இங்க ஒரு லாரிக்குக் காது கேக்கல."

ஆர்லீன் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஜேலன் பெல்கார்டு ஒரு தடவைகூட முன்னாடி வரல. கோடுதான் முன்னாடி வந்துது."

முதலில் சிரித்தது லெஸ். பிறகு கூடமே சிரித்தது. கண் கலங்கி எழுந்தவன்கூட. ரீஸ் எழுந்து போய் ஜேலன் முன்னால் நின்றான். "மன்னிச்சுடுடா, தபால்காரா." அணியில் தண்ணீர்ப் புட்டிகளைச் சுமப்பது புதிதாக வந்தவனின் வேலை. சீசன் முடியும்வரை அதைத் தலைவன் சுமப்பதென்று அங்கேயே முடிவாயிற்று. ஜேலனின் அப்பா ஓரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு கேக் துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

லீக் திங்கட்கிழமை முடிவு சொல்லியது. மற்ற ஆறு ஊர்களும் தங்கள் ஆட்டங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லை. எழுப்பினாலும் யாருடைய இடமும் மாறியிருக்காது. ஜனவரி பதினெட்டு ஆட்டம் மட்டும் ரத்து. புதன்கிழமை மாலை, அதே ரோஸ்டாலில், சரியான கோட்டோடு மறு ஆட்டம். ஜெயிக்கிறவர்களுக்கு நான்காம் இடம்.

கோட்டை நகர்த்த இரண்டு நாள். ஊரில் எல்லோரும் ஆர்லீனைத் தட்டிக்கொடுத்தார்கள் என்று சொன்னால் அது பொய். கடையில் அவருக்கு முன்னால் நின்றவர்கள் முதுகைத் திருப்பியதை நான் பார்த்தேன். "நம்ம வீட்டுக்கு நாமே கல்லெறியற ஆளை நான் பார்த்ததில்ல" என்று அவர் காதுபடவே ஒருவர் சொன்னார். ஆர்லீன் தன் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். காலையில் பஸ் ஓட்டினார். எட்டரை மணிக்கெல்லாம் ஐஸில் இருந்தார்.

ஐஸ் வண்டியின் கத்தியை முடிந்த மட்டும் இறக்கி, கோட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் செதுக்கினார். அதற்கு மேல் வண்டியை நம்ப முடியாது, கைச்செதுக்கியால்தான். திங்கள் மதியம் கெர்வுட் பிக்கப் வண்டி ஒன்று வந்து நின்றது. லெஸ் தன் செதுக்கியோடு இறங்கினார்.

"உங்க ஊர்ல உன்னை அடிக்க மாட்டாங்களா?" என்று ஆர்லீன் கேட்டார்.

"என் முழங்காலுக்குப் பயிற்சி வேணும்னு டாக்டர் சொன்னாருன்னு சொல்லியிருக்கேன்."

பள்ளி விட்டதும் அணி முழுக்க வந்தது. ஐஸின் இரு பக்கப் பலகை வேலிகளுக்கு நடுவில் எண்பத்தைந்து அடி. பையன்கள் வரிசையாக மண்டியிட்டுச் செதுக்கினார்கள். பழைய நீலத்தின் மேல் மயிரிழை ஐஸ் மிஞ்சியபோது வெள்ளைச் சாயம். அது உறைந்ததும் நூல். ரீஸ் நாடாவைப் பிடித்தான். இந்த முறை அது லெஸ்ஸின் நாடா.

"எங்க புடிக்கணும்?"

"நுனியில. முழு நாடா இது" என்றார் லெஸ்.

ஆர்லீன் படித்தார். "அறுபத்து நாலு." லெஸ் படித்தார். "அறுபத்து நாலு." இரு நீலக்கோடுகளுக்கும் நடுவே அளந்தார்கள். ஐம்பது. ஆர்லீன் பையிலிருந்து நோட்டை எடுத்து, மறு அளவுக் கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினார். அக்டோபர்க் கட்டத்தைக் காலியாகவே விட்டார். பிறகு செவ்வாய் முழுவதும் காகிதக் கனத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாகச் சுடுநீர் தெளித்து, புதன் மதியத்துக்குள் அந்தப் பள்ளத்தை மேலே கொண்டுவந்தார். மேலே கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். எங்கே வெட்டினார்கள் என்று கைக்குத் தெரியவில்லை.

புதன் மாலை நிற்க இடமில்லை. கெர்வுட்டிலிருந்து நான்கு பஸ் வந்திருந்தது. கடையில் முதுகைத் திருப்பியவர்களும் வந்திருந்தார்கள்.

ஜேலன் நவம்பரில் நின்ற இடத்துக்குத் திரும்பியிருந்தான். அரையடி முன்னால். முதல் பகுதியில் ரீஸ் பின்னோக்கி வந்து, எண்ணி, நின்றான். அவனுக்கும் ஜேலனுக்கும் நடுவில் ஒரு கை தூரம். ஜேலன் தன் மட்டையால் அவன் முதுகைத் தட்டியதை நான் பார்த்தேன். அந்தத் தட்டலுக்கே பாதி அரங்கு கைதட்டியது.

மூன்றாம் பகுதி. தெற்கு கோல். நாங்கள் இரண்டு, கெர்வுட் ஒன்று. நான்கு நிமிடம் மிச்சமிருக்கும்போது வட்டு எங்கள் பகுதியிலிருந்து வெளியே உருண்டது. ஜனவரியில் அடித்த அதே தடுப்பாட்டக்காரன் புதிய நீலக்கோட்டின் மேல் அதை மட்டையால் நிறுத்தினான். விரல் அகலம் உள்ளே. கோட்டு நடுவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார்: உள்ளேதான், ஆடலாம். ஐஸ் வண்டியின் கதவருகே ஆர்லீன் நின்றுகொண்டிருந்தார். அவர் வட்டைப் பார்க்கவில்லை. நடுவரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெர்வுட்காரன் அடித்தான். தோளுக்கு மேலே, டிசம்பரில் ஐந்து கோல்கள் போன அதே இடத்துக்கு. ஜேலனின் இடது கை அங்கே இருந்தது.

கடைசி நிமிடத்தில் கெர்வுட், தாக்க இன்னோர் ஆளை இறக்குவதற்காகத் தன் கோல்கீப்பரை வெளியே எடுத்தது. ரீஸ் நடுக்கோட்டிலிருந்து காலிக் கோலுக்குள் வட்டை அனுப்பினான். மூன்றுக்கு ஒன்று. நான் கடிகாரத்தை நிறுத்தினேன்.

கைகுலுக்கல் முடிந்ததும் லெஸ் கால் தாங்கித் தாங்கி ஆர்லீனிடம் வந்தார். "கோடு நேராத்தான் இருந்துது" என்றார். "எங்க பசங்கதான் கோணல்."

"உன் செதுக்கியை மறந்துட்டுப் போயிடாத" என்றார் ஆர்லீன். 

இறுதிச் சுற்றில் முதலிடத்து அணி எங்களைத் தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்கடித்தது. நான்கிலும் நியாயமாகத்தான். இருந்தாலும் டேரில் ஒரு பதாகை தைக்கச் சொன்னார். நான்காம் இடத்துக்குப் பதாகை தொங்கவிடும் ஊர் இந்த மாகாணத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்த நான்கில் எங்கள் ஊரில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு முன், எதிரணிப் பயிற்சியாளர் தெற்கு நீலக்கோட்டருகே நின்று குனிந்து பார்த்தார். வெள்ளைச் சாயம் பழைய நீலத்தை முழுதாக மறைக்கவில்லை. புதிய கோட்டை ஒட்டி, ஓரடி அகலத்துக்கு, வேலியிலிருந்து வேலி வரை ஒரு வெளிறிய நீலம் தெரிந்தது.

"இது என்னங்க, நிழல் மாதிரி?" என்று கேட்டார்.

ஆர்லீன் ஐஸ் வண்டியை நிறுத்தினார். "அது என் தப்பு" என்றார். "பக்கத்துல இருக்கறதுதான் கோடு. வேணும்னா அளந்து பாருங்க, நாடா தரேன்."

அவர் இடுப்பில் தொங்கியது அதே பழைய நாடாதான். அதன் பெட்டியில் மட்டும் வெள்ளைச் சாயத்தால் பெரிதாக எழுதியிருந்தார்: "ஓரடி கூட்டு."